ஒன்றரை வினாடித் தொட்டி

“இந்தத் தாள்ல இருக்கறது உங்க பேருதானுங்களே?”

வந்தவள் உட்காரவில்லை. நான்காக மடித்துக் கசங்கிப் போயிருந்த அறிக்கையைச் சுகந்தியின் மேசைமேல் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். ‘பதிவு செய்தவர்: சு. சுகந்தி, உரிமம் பெற்ற ஒலி அளவர், கோயம்புத்தூர்.’

“என் பேருதான். நீங்க?”

“துளசிமணிங்க. கரைப்பாளையம் சாயக்கழிவுத் தொட்டியில செத்தாரே பூபதி, அவரு சம்சாரம்.”

சுகந்தி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். துளசிமணி அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

“அந்தத் தொட்டியை அளந்தது நீங்களாம். உங்க அளவும் எங்கூட்டுக்காரரு போன்ல இருக்கற பேச்சும் ஒத்துப் போகலைன்னு இதுல எழுதியிருக்குது. தொழிலாளர் சங்கத்து வக்கீலைக் கேட்டா ‘டெக்னிக்கல்மா’ங்கறாரு. அது எந்த ஊரு பாஷையோ. அளந்தவங்ககிட்டயே கேட்டுப் போட்டு வரலாம்னு பஸ் ஏறிட்டேன்.”

“சொல்றேன். இப்பெல்லாம் யார் குரல்ல வேணும்னாலும் மெஷின் பேசிடுது இல்லையா? செத்துப் போனவங்க குரல்ல ஓட்டுக் கேட்டு போன் வருதே.”

“வருதுங்க. எங்க மாமனாரு கொரல்ல வந்துச்சு. உசுரோட இருந்தப்ப என்கிட்ட அவ்வளவு மருவாதையா அவரு பேசினதே இல்லை.”

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அதனாலதான் அந்தச் சட்டம் வந்துச்சு. குரலை நம்பாதே, குரல் பேசின இடத்தை நம்புன்னு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எதிரொலி உண்டு, கைரேகை மாதிரி. நாங்க போய் ஒரு பெட்டியில இருந்து விசில் மாதிரி சத்தம் விட்டு, அது சுவத்துல பட்டுத் திரும்பி அடங்கற வரைக்கும் பதிவு பண்ணுவோம். அதுக்குப் பேரு ஒலிச்சுவடு. அதை அரசாங்கப் பதிவேட்டுல ஏத்திடுவோம். நாளைக்கு ஒரு பேச்சு ஆதாரமா வந்தா, அந்த இடத்தோட சுவடு அதுக்குள்ள இருக்கான்னு பார்ப்பாங்க.”

“இருந்தா நெசம்.”

“இல்லேன்னா பொய்.”

“அப்ப எங்கூட்டுக்காரரு பேசினது பொய்யிங்களா?”

சுகந்தி அறிக்கையைப் படித்தாள். பதிவேட்டின்படி அந்தத் தொட்டிக்குள் எந்தச் சத்தமும் ஒன்றரை வினாடிக்குள் அடங்கிவிட வேண்டும். போனில் இருக்கும் பேச்சிலோ எதிரொலி ஒன்பது வினாடிவரை நீள்கிறது. ‘எனவே இப்பேச்சு அத்தொட்டிக்குள் பேசப்பட்டதன்று.’

“சுத்திகரிப்பு நிலையத்துல என்ன சொல்றாங்க?”

“அடியில மோட்டாரு பழுதுன்னு தொட்டியைக் காலி பண்ணிப் போட்டிருந்தாங்க. யாரும் எறங்கச் சொல்லலியாம். குடிச்சுப் போட்டு அவரே எறங்கினாராம். பதினோரு வருசமா அவரு குடிச்சு நான் பாத்ததில்லீங்க. செத்த அன்னைக்கு மட்டும் எவனோ வாங்கிக் குடுத்தாப்பல இருக்குது.” போனை எடுத்தாள். “உள்ளுக்குள்ள சிக்னல் கெடையாது. எனக்கு அனுப்பப் பாத்திருக்காரு, போகலை. நடுத்தட்டுல செருப்போட போனையும் கழட்டி வெச்சுட்டு எறங்கியிருக்காரு. மூணு நாள் கழிச்சுப் போலீஸ்ல ரெண்டையும் குடுத்தாங்க. அதுக்கப்பறமேட்டுத்தான் கண்டேன். கேளுங்க.”

போனிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. அவசரமில்லாத குரல்.

“துளசி, டியூசனுக்கு நீ போவாத. அஞ்சு மணிக்குப் பாப்பாவை நானே கூட்டிட்டு வந்தர்றேன்...”

மேலேயிருந்து இன்னொரு குரல் விழுந்தது. “டேய் பூபதி, போனை வெச்சுட்டு எறங்கு.”

“கேஸ் நாத்தம் அடிக்குதுங்க மேஸ்திரி. முகமூடி குடுத்தீங்கன்னா...”

“முகமூடி ஈரோட்டுல இருந்து வரோணும். மோட்டாரு எடுக்கலைன்னா அறுவது சாயப்பட்டறை நிக்கும். அஞ்சு நிமிச வேலை. எறங்குடா.”

அந்தக் கடைசிச் சொல் சுவர் சுவராக இறங்கிக்கொண்டே போயிற்று. அதன்மேலேயே பூபதியின் குரல் மெதுவாக, “சரி துளசி, வெக்கறேன். அஞ்சு மணிக்கு நானே போறேன்” என்றது.

“‘எறங்குடா’ங்கறது ஒம்பது எண்ணுற வரைக்கும் நிக்குது” என்றாள் துளசிமணி. “தெனமும் எண்ணிப் பாக்கறேன். ஒம்பதுதான்.”

சுகந்தி எண்ணத் தேவையிருக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, கழிவுநீர் விடுவதற்கு முன்னால், அந்த நடுத்தட்டில் நின்றுதான் அவள் அளந்தாள். நாலு மாடி ஆழத்துக்கு வெறும் சிமெண்டுச் சுவர். அங்கே இருமினால்கூட இருமல் போய்ச் சேர நேரமாகும். ஒன்றரை வினாடியில் அடங்க அது என்ன, பீரோவா?

“ரெண்டு நாள் குடுங்க” என்றாள்.

“ரெண்டு நாள்ல தொட்டி பேசிருமுங்களா?”

“பேசும்.”

அவள் போனதும் சுகந்தி பழைய வேலையைத் திறந்து பார்த்தாள். தவறைக் கண்டுபிடிக்க நாலு நிமிடம் பிடித்தது. மூலப் பதிவு இருபது வினாடி நீளம். அதிலிருந்து பதிவேட்டுக்கான கோப்பை எடுக்கும்போது ஒரு கட்டம் வரும்: ஃபில்டர் நீளம், அதாவது சுவட்டை எத்தனை புள்ளியோடு வெட்ட வேண்டும்? அந்தக் கட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகப் போட்ட எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். அன்று காலை அவள் ஒரு வங்கிக் கிளையின் கூட்ட அறையை அளந்திருந்தாள். கம்பளமும் திரைச்சீலையும் போட்ட சின்ன அறை. அதற்கு 65,536 புள்ளி போதும். ஒலியை வினாடிக்கு 48,000 புள்ளியாகப் பதிவதால் அது ஒன்றரை வினாடிகூட ஆகாது. மத்தியானம் தொட்டிக்கும் அதே எண் நின்றது. அவள் பார்க்காமல் ‘சரி’யை அழுத்தியிருந்தாள்.

வெட்டியது வெட்டியதாகத் தெரிந்திருந்தாலாவது யாராவது கேட்டிருப்பார்கள். அந்த மென்பொருள் நாகரிகமானது. வெட்டிய முனை ‘டக்’கென்று கேட்காதபடி அதை மெல்லத் தேய்த்து, ஓசை தானாகவே அடங்கியதுபோல் ஆக்கிவிடும். பதிவேட்டில் ஏறியது பொய்யென்று எந்தக் காதும் சொல்லாது.

நிறுவனத்தின் முதலாளி விக்டரிடம் அன்றைக்கே போனில் சொன்னாள்.

“சரி, மறுபடியும் போய் அளந்துட்டு வா. திருத்தம் போட்டுக்கலாம்” என்றார் அவர்.

“முடியாது சார். அந்தச் சாவுக்கப்புறம் ‘பாதுகாப்பு’ன்னு சொல்லி உள்ளே ரெண்டு தடுப்புச் சுவர் கட்டிட்டாங்க. பழைய தொட்டி இப்ப கிடையாது.”

“அப்புறம் எதை வெச்சுத் திருத்துவ?”

“மூலப் பதிவு என்கிட்ட இருக்கு.”

விக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“சுகந்தி, பதிவேட்டுல ஏத்தின அன்னைக்கே மூலத்தை அழிக்கணும். அது சட்டம்.”

“தெரியும் சார்.”

“எதுக்குன்னும் தெரியுமா? முழுச் சுவடு கையில இருந்தா எந்தக் குரலையும் அந்த இடத்துல பேசின மாதிரி பண்ணிடலாம். வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டு வெச்சுக்கற மாதிரி. நீ ஏன் வெச்சுக்கிட்ட?”

“நல்லா இருந்துச்சு சார் அந்த ஓசை.”

“நல்லா இருந்துச்சா. இதையும் போய்க் கோர்ட்டுல சொல்லு. உரிமம் போகும், அது உன் பாடு. ஆனா நீ அளந்த எண்ணூறு இடத்தையும் எவனாவது கிளறினா நான் கடையைச் சாத்தணும். பேசாம இரு. அந்தம்மாவுக்கு நீ ஒண்ணும் கெடுதல் பண்ணலை, அதுல ‘பொருந்தலை’ன்னு மட்டும்தானே போட்டிருக்கு.”

மறுநாள் மத்தியானம் சுகந்தி திருப்பூர் போனாள். துளசிமணி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தவளிடம், கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடை பெஞ்சில் வைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எக்ஸ்போர்ட் பண்றப்ப ஒரு நம்பரை மாத்தாம விட்டுட்டேன்.”

“எக்ஸ்போர்ட்னா எங்களுக்குப் பனியன்தானுங்க.” துளசிமணி டீயைத் தொடவில்லை. “எங்க கம்பெனியில ஒரு பீசுல ஓட்டை இருந்தா நான் ஸ்டிக்கர் ஒட்டோணும். ஒட்டாம விட்டுப் போட்டா அப்பறம் அந்த ஓட்டை மிசினுது இல்லை, என்னுது. ஒரு பனியனுக்கு. உங்களுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்களா?”

“இல்லை. யாரும் பார்க்க மாட்டாங்க.”

“நாலு மாசமா எம்மேல பொய்க்காரின்னு பேரு. பள்ளிக்கூடத்துல எம்புள்ளைகிட்ட, ‘உங்கம்மா மிசின் வெச்சு உங்கப்பனைப் பேச வெச்சாளாமே’ன்னு கேக்கறாங்க. அவளும் ஒரு நாளு என்கிட்ட வந்து, ‘நெசமாவே அப்பாதானாம்மா அது?’ன்னா. நீங்க பாக்காம அழுத்தினதுக்கு, என்ர புள்ளைக்கே சந்தேகம் வந்துபோச்சு.”

சுகந்தி தலை குனிந்திருந்தாள்.

“சரி, இப்ப சரி பண்ண முடியுமுங்களா?”

“முடியும். முழுப் பதிவைக் குடுத்து, தப்பு என்னுதுன்னு சொல்றேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

“ஆகும்.”

துளசிமணி டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள். “அப்ப வாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அவரா எறங்கலை, எறங்கச் சொன்னாங்கன்னு எழுதோணும். வேறெதுவும் கேக்கலை.”

விசாரணை நடுவர் பொறுமைசாலி. சுகந்தி கொடுத்த முழுப் பதிவையும் போனிலிருந்த பேச்சையும் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் ஒப்பிட உத்தரவிட்டார். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கடைசிவரை சேர்ந்தே இறங்கின. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொருத்தம். மேஸ்திரி தரையைப் பார்த்தான். துளசிமணி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, முதுகை நாற்காலியில் சாய்த்தாள்.

நிலையத்தின் வழக்கறிஞர் ஜோதிலிங்கம் எழுந்தார். அவர் முகத்தில் கோபமேயில்லை.

“தவறை ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. பாராட்டணும்மா. ஒரு சின்னச் சந்தேகம். இந்த முழுப் பதிவு கையில இருந்தா, எந்தக் குரலையும் அந்தத் தொட்டிக்குள்ள பேசின மாதிரி செய்ய முடியுமா?”

“முடியும்.”

“செஞ்சா, சோதனையில எத்தனை பொருந்தும்?”

சுகந்திக்கு அந்தக் கேள்வி போகும் இடம் அப்போதே தெரிந்துவிட்டது.

“தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது.”

“இப்ப எத்தனை பொருந்தினது?”

“தொண்ணூத்தெட்டு.”

“பதிவேட்டுல இருக்கற குட்டையான சுவடை வெச்சு இப்படிச் செய்ய முடியுமா?”

“முடியாது. ஒன்றரை வினாடிக்கு மேல அதுல ஒண்ணும் இல்லை.”

“அப்ப, உலகத்துலேயே இதைச் செய்யக் கூடிய பதிவு ஒண்ணே ஒண்ணு. அது யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்ட.”

“அழிச்சிருக்க வேண்டியது.”

“ஆமா.”

“இந்தப் போன் நாலு மாசமா அந்தம்மாகிட்ட இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சந்திச்சிருக்கீங்க. டீயெல்லாம் குடிச்சிருக்கீங்க.”

“அது இந்தப் பேச்சு வழக்குக்கு வந்ததுக்கு அப்புறம்.”

“முதல் தடவை சந்திச்சது அப்பத்தான்னு நீங்க சொல்றீங்க. இருக்கட்டும். கடைசியா ஒண்ணு. சத்தியம் பண்ணியிருக்கீங்க, அதை ஞாபகத்துல வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க. எப்பவாவது இந்தத் தொட்டிக்குள்ள வேற குரலை வெச்சுப் பார்த்திருக்கீங்களா?”

சங்கத்து வக்கீல் ஆட்சேபித்தார். நடுவர் பதில் சொல்லுமாறு சொன்னார்.

“வெச்சிருக்கேன். என் மகள் பாடினதை.”

“வீட்டுல பாடினது?”

“அடுப்படியில.”

“கேக்கறப்ப எப்படி இருந்துச்சு?”

“தொட்டிக்குள்ள நின்னு பாடின மாதிரி.”

“கொஞ்சமாவது வித்தியாசம்?”

“இல்லை.”

“நன்றிம்மா. நீங்க ரொம்ப நேர்மையானவங்க.” அவர் உட்கார்ந்தார்.

தீர்ப்பு ஒரே பக்கம். பதிவேட்டில் உள்ளதே சட்டப்படியான ஒலிச்சுவடு. சாட்சி கொடுத்த பதிவு சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருக்கப்பட்டது. அது கைப்பற்றி அழிக்கப்பட வேண்டும். பேச்சு அதனுடன் பொருந்துவது, பேச்சின் உண்மையைவிட அதன் தயாரிப்பையே காட்டுகிறது. இறந்தவர் தன் விருப்பத்தின்பேரில் இறங்கினார் என்ற நிலைய அறிக்கை நிற்கிறது. சாட்சியின் உரிமம் ரத்து. மனுதாரரின் துயரத்தைக் கருதி அவர்மீது நடவடிக்கை வேண்டாம். அந்தப் பேச்சை அவர் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம், வெளியிடக் கூடாது.

வெளியே வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள்.

“என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு...” என்று சுகந்தி ஆரம்பித்தாள்.

“முந்தி ‘பொருந்தலை, பொய்’ன்னாங்க” என்றாள் துளசிமணி. “இப்ப ‘பொருந்துது, அதனால பொய்’ங்கறாங்க. முந்தி யாரு பண்ணினான்னு தெரியாம இருந்துச்சு. இப்ப அதுக்கும் ரெண்டு பேரு கெடைச்சுட்டாங்க.”

“நான் வராமலே இருந்திருக்கலாம்.”

“நீங்க மொதல்லயே ஒழுங்கா அளந்திருக்கோணும்க்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தி. இப்ப வந்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.”

அவள் ‘அக்கா’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது சுகந்திக்கு இன்னும் வலித்தது.

பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். அங்கே துளசிமணி கேட்டாள்.

“உங்க மக பாட்டைத் தொட்டிக்குள்ள வெச்சீங்களே. அதே மாதிரி, உள்ளே இருக்கறதை வெளியே எடுக்க முடியுமுங்களா?”

“எதை?”

“எங்கூட்டுக்காரரை. அந்தத் தொட்டிச் சத்தத்தை எடுத்துப் போட்டு, பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்றாரே, அதை மட்டும். ஊட்டுக்குள்ள பக்கத்துல உக்காந்து சொன்ன மாதிரி. எப்பக் கேட்டாலும் அவரு அந்தக் குழிக்குள்ளயேதான் நிக்கறாரு. புள்ளை காதைப் பொத்திக்கறா.”

“முழுச் சுவடு இருந்தா முடியும். வெச்ச மாதிரியே கழிச்சும் எடுக்கலாம்.”

“இருந்துச்சே.”

“அதைத்தான் இப்ப உள்ளே வாங்கி வெச்சுக்கிட்டாங்க.”

“பதிவேட்டுல ஒண்ணு இருக்குதே. அது சட்டப்படியானதுன்னாங்களே.”

“அது குட்டைங்க.”

“குட்டையா இருந்தா இருக்கட்டும். அதை வெச்சுப் பண்ணுங்க. எத்தனை வருதோ வரட்டும்.”

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுகந்தி துளசிமணியின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். பதிவேட்டுக் கோப்பின் நகல், மனுதாரர் என்ற முறையில் துளசிமணிக்கு வழக்குத் தாள்களோடு கிடைத்திருந்தது. அதைக் கொண்டு போனிலிருந்த பேச்சிலிருந்து தொட்டியைக் கழித்திருந்தாள். தன்னிடமிருந்த வேறெந்த வித்தையும் பலிக்கவில்லை என்பதை வரும் வழியிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

“முழுசா வரலை துளசி. முன்னாலேயே சொல்லிடறேன்.”

“போடுங்கக்கா.”

பூபதி பேசினான். குழியில்லை, சிமெண்டில்லை. அரை முழத்தில் உட்கார்ந்து, முழங்கையில் இடித்துச் சொல்வதுபோல் சொன்னான். “டியூசனுக்கு நீ போவாத.” துளசிமணியின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

பிறகு மேஸ்திரி கத்தினான். அவன் குரலும் பக்கத்தில் வந்து, ஒன்றரை வினாடி சுத்தமாக நின்றது. அதன்பின் எங்கிருந்தோ, யாரும் பேசாத ஒரு பள்ளத்திலிருந்து, அந்தச் சொல்லின் மீதி கிளம்பியது. ‘எறங்குடா.’ பூபதி, “அஞ்சு மணிக்கு நானே போறேன்” என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்க, அவன் முதுகுக்குப் பின்னால் அது போய்க்கொண்டே இருந்தது.

துளசிமணி விரல்விட்டு எண்ணினாள். முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இவரு நல்லாத்தான் வந்திருக்காரு. பின்னாடி அந்தாளு மட்டும் போக மாட்டேங்கறானே. அவனையும் எடுத்துப் போட முடியாதுங்களா?”

“முடியாது துளசி. பதிவேட்டுல தொட்டி ஒன்றரை வினாடியோட முடிஞ்சிடுது. அதுவரைக்கும்தான் கழிக்க முடியும். அவன் அதைத் தாண்டி நிக்கறான்.”

“தாண்டின்னா, எங்கீங்க?”

“சட்டப்படி இல்லாத எடத்துல.”

துளசிமணி தலையாட்டினாள். பிறகு போனை வாங்கி, மகள் வருவதற்குள் ஒலியைக் குறைத்து வைத்தாள்.